போர் நிருபர்களும் நடுநிலையும்: ‘லைவ் ஃப்ரம் பாக்தாத்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்பிஓ 2002 டிசம்பரில் ஒளிபரப்பிய தொலைக்காட்சிப் படம் ‘லைவ் ஃப்ரம் பாக்தாத்’. 1991 வளைகுடாப் போர் தொடங்கிய இரவில் சிஎன்என் ஆட்கள் பாக்தாதில் உட்கார்ந்திருந்த கதை. பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன். பார்க்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம், நடந்து முடிந்த போர்தானே, முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ள வழியில்லை.

படத்தில் என்னதான் நடக்கிறது?

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைகின்றன. சிஎன்என் தயாரிப்பாளர் ராபர்ட் வீனரும் (மைக்கேல் கீட்டன்) அவருடைய சகா இங்க்ரிட் ஃபோர்மனெக்கும் (ஹெலெனா போனம் கார்ட்டர்) ஒரு சின்னக் குழுவோடு பாக்தாத் வந்து இறங்குகிறார்கள். சிஎன்என் அப்போது பத்தே வயதான சேனல், பெரிய சேனல்காரர்கள் அதை ஒரு பொருட்டாகவே மதிக்காத காலம். அங்கிருந்து ஐந்து மாதம் ஓடுகிறது: விசா, பேட்டி, பேரம், காத்திருப்பு, குடி, மறுபடி காத்திருப்பு. கடைசியில் 1991 ஜனவரி 17 அதிகாலை குண்டுகள் விழ ஆரம்பிக்கும்போது, அல் ரஷீத் ஹோட்டலின் ஒன்பதாவது மாடியிலிருந்து சிஎன்என் நிருபர்கள் பெர்னார்ட் ஷா, பீட்டர் ஆர்னெட், ஜான் ஹாலிமன் மூவரும் நேரலையில் பேசுகிறார்கள்.

போர்ப்படம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். முக்கால்வாசி நேரம் இது ஓர் அரசு அலுவலகத்தில் அனுமதிக்காகத் தவம் கிடப்பவர்களின் கதை. எனக்கு அதனால்தான் பிடித்தது.

எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை?

வீனர் நிஜ மனிதர். தன் பாக்தாத் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார், அதிலிருந்துதான் படம், திரைக்கதையிலும் அவர் கை உண்டு. அதனால் சம்பவங்களின் எலும்புக்கூடு உண்மை. ஆனால் தன் கதையைத் தானே சொல்கிறவர் தன்னைக் கொஞ்சம் அழகாகத்தான் காட்டுவார், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 2002-இல் எச்பிஓவும் சிஎன்என்னும் ஒரே முதலாளியின் பிள்ளைகள், இரண்டுமே ஏஓஎல் டைம் வார்னருக்குச் சொந்தம். நடுநிலை பற்றி யோசிக்க வைக்கிற ஒரு படத்தை, கதாநாயகனாக வரும் சேனலின் சொந்தக்காரரே எடுத்திருக்கிறார்.

எல்லாரும் அலைந்து தேடுகிற அந்த ‘ஃபோர் வயர்’ என்பது என்ன?

சாதாரண டெலிபோனில் பேசுவதும் கேட்பதும் ஒரே ஜோடிக் கம்பியில் போகும், நகரத்து எக்ஸ்சேஞ்சைத் தொட்டுக்கொண்டுதான் போகும். ஃபோர் வயரில் போகிற குரலுக்கு ஒரு ஜோடி, வருகிற குரலுக்கு இன்னொரு ஜோடி. நம்பர் சுற்ற வேண்டாம், ஆபரேட்டரிடம் கெஞ்ச வேண்டாம், எந்நேரமும் திறந்து கிடக்கிற தனிப்பாதை. பாக்தாதிலிருந்து ஜோர்டானின் அம்மான் வழியாக, சிஎன்என் தலைமையகம் இருந்த அட்லாண்டாவுக்கு.

தொலைத்தொடர்பு நிலையங்கள் குண்டுவீச்சின் முதல் இலக்குகளில் ஒன்று. மற்ற சேனல்களின் தொலைபேசிகள் செத்துப்போயின, சிஎன்என் குரல் மட்டும் நிற்கவில்லை. கவனியுங்கள், குரல் மட்டும்தான். அந்த இரவில் நேரடிப் படம் கிடையாது, அமெரிக்க வீடுகளில் திரையில் தெரிந்தது ஒரு வரைபடமும் நிருபர்களின் புகைப்படமும். ஹாலிமன் மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்து, வெடிச்சத்தத்தை அப்படியே கேட்க விட்டார். தொலைக்காட்சி வரலாற்றில் பெரிதாகப் பேசப்படுகிற ஒரு இரவு, கிட்டத்தட்ட வானொலிதான்!

இந்தக் கம்பியைக் கொடுத்தது யார்? ஈராக் அரசு. வாரக்கணக்கில் தகவல் அமைச்சகத்து வாசலில் நின்று வாங்கியது. ஏன் கொடுத்தார்கள்? அவர்களுக்கும் உலகத்தோடு பேச ஒரு வாய் வேண்டியிருந்தது. மற்ற சேனல்காரர்கள், ‘இவர்களுக்கு மட்டும் எப்படி, என்ன பேரம் பேசினார்கள்’ என்று முணுமுணுத்ததில் பொறாமை பாதி, நியாயமான சந்தேகம் பாதி.

அமெரிக்க அரசே ‘வெளியேறுங்கள்’ என்று சொன்ன பிறகும் தங்கியது சரியா?

சிஎன்என் தலைவர் டாம் ஜான்சனுக்கு வெள்ளை மாளிகையிலிருந்தே அழைப்புகள் வந்தன, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று. முதலாளி டெட் டர்னர், தங்க விரும்புகிறவர்கள் தங்கட்டும், யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றார். தங்கியது சரி என்பதுதான் என் கட்சி. குண்டு போடுகிற நாடு ‘விழுகிற இடத்தில் நிற்காதே’ என்று சொல்வதில் அக்கறை இருக்கலாம், ஆனால் அங்கே பார்க்க ஆள் இல்லாமல் போவதும் அதே நாட்டுக்கு வசதிதான். இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இன்குபேட்டர் காட்சி பற்றி ஏன் இவ்வளவு சர்ச்சை?

இதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும்.

1990 அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில் நயீரா என்று முதற்பெயரால் மட்டும் அறிமுகம் செய்யப்பட்ட 15 வயதுப் பெண், குவைத் மருத்துவமனையில் ஈராக் சிப்பாய்கள் இன்குபேட்டர்களிலிருந்து குழந்தைகளை எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகப் போட்டதைப் பார்த்ததாகக் கண்ணீரோடு சொன்னாள். கேட்டது நாடாளுமன்றத்தின் முறையான கமிட்டி அல்ல, மனித உரிமைக்காக உறுப்பினர்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு குழு. அதனால் சத்தியப்பிரமாணமும் இல்லை. அந்தக் கதை காட்டுத்தீ மாதிரி பரவியது. அப்போதைய அதிபர் மூத்த புஷ் பேச்சுக்குப் பேச்சு அதைச் சொன்னார். மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல்கூட டிசம்பர் அறிக்கையில் அதை எடுத்தாண்டு, பிற்பாடு பின்வாங்கியது. 1991 ஜனவரி 12 அன்று போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் 52-க்கு 47 என்று மயிரிழையில் நிறைவேறியபோது, பல உறுப்பினர்கள் வாயில் இந்தக் குழந்தைகள் இருந்தார்கள்.

ஒரு வருடம் கழித்து, 1992 ஜனவரியில், ‘நியூயார்க் டைம்ஸ்’ கட்டுரை ஒன்று அந்தப் பெண் யார் என்று உடைத்தது. அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். சாட்சியத்துக்கு ஏற்பாடு செய்தது, குவைத் தரப்புக்காக வேலை செய்த ஹில் அண்ட் நோல்டன் என்கிற மக்கள் தொடர்பு நிறுவனம். இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் எதுவும் தேறவில்லை. ஆக்கிரமிப்பில் கொலையும் சித்திரவதையும் கொள்ளையும் நடந்தது நிஜம், அதற்குப் பதிவுகள் உண்டு, அதனால்தான் இந்தப் பொய் இன்னும் அசிங்கமாகத் தெரிகிறது. உள்ளதே போதுமாக இருந்தபோது இல்லாததைச் சேர்த்தார்கள்.

இப்போது படத்துக்கு வருவோம். இந்தக் குற்றச்சாட்டைச் சரிபார்க்க ஈராக் அரசே சிஎன்என் குழுவைக் குவைத்துக்கு அழைத்துப்போகிறது. மருத்துவர் கேமரா முன்னால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்கிறார், ஆனால் முகத்தில் பயம். பேட்டி சட்டென்று முடிக்கப்படுகிறது. குழு திரும்பும்போது, ஈராக் நம்மை வைத்து நாடகம் நடத்திவிட்டது என்று புரிந்து நொந்துபோகிறது. காட்சியாகப் பார்த்தால் நன்றாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் பார்க்கிறவன் மனதில் என்ன நிற்கும்? ‘டாக்டர் பயந்து பொய் சொல்கிறார், அப்படியானால் குழந்தைகள் கதை உண்மைதான்.’ பத்து வருடம் முன்பே சாயம் வெளுத்த கதைக்கு, இன்னொரு ஈராக் போர் வாசலில் நிற்கிற நேரத்தில், புதுச் சாயம் அடித்தது போல் ஆயிற்று. ஃபேர் என்ற அமெரிக்க ஊடகக் கண்காணிப்பு அமைப்பு இதைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் எச்பிஓ, அந்தக் குற்றச்சாட்டுகள் ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு வரியைப் படத்தின் கடைசியில் சேர்த்தது.

ஈராக் அதிகாரியை ஏன் இவ்வளவு நல்லவராகக் காட்டியிருக்கிறார்கள்?

நாஜி அல் ஹதீதி பாத்திரத்தைச் சொல்கிறீர்கள். நடித்தவர் டேவிட் சூஷே, அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவாக வருவாரே, அவரேதான், மீசை மட்டும் வேறு. ஹதீதியும் நிஜ மனிதர், அப்போது தகவல் அமைச்சகத்தில் பெரிய அதிகாரி, படம் வெளிவந்தபோது ஈராக்கின் வெளியுறவு அமைச்சர்.

நல்லவர் என்று நான் சொல்ல மாட்டேன். புத்திசாலி, படித்தவர், நன்றாகப் பேசுகிறவர், தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர். வீனருக்கும் அவருக்கும் இடையே ஒரு நட்பு முளைக்கிறது, இருவருமே மற்றவர் தன்னைப் பயன்படுத்துகிறார் என்று தெரிந்தே பழகுகிறார்கள். படத்தின் உயிர் இந்த இருவர் உட்கார்ந்து பேசும் காட்சிகளில்தான் இருக்கிறது. சாய்வு தொடங்குவது நிருபர் மைக்கைப் பிடிக்கிற இடத்தில் அல்ல, யாரிடம் எதற்காகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்கிற இடத்தில். மைக்கில் வருகிற வாக்கியங்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தணிக்கைக்காரன் பக்கத்தில் நிற்க, கொடுக்கிற செய்தி எப்படிச் செய்தியாகும்?

ஷாவும் ஹாலிமனும் சீக்கிரமே கிளம்பிவிட, ஆர்னெட் தங்கினார். வியட்நாமில் ஏபி செய்தி நிறுவனத்துக்காக எழுதி 1966-இல் புலிட்சர் பரிசு வாங்கியவர், குண்டுச் சத்தம் புதிதல்ல. அவர் பாக்தாதிலிருந்து அனுப்பியதை, ஈராக்கியத் தணிக்கைக்கு உட்பட்டது என்ற குறிப்போடுதான் சிஎன்என் ஒளிபரப்பியது. குறிப்பு இருந்ததால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது, ஆனால் பார்ப்பவனிடம் ‘உப்பு பார்த்துச் சாப்பிடு’ என்று சொல்லிவிட்டுப் பரிமாறியது போல.

பால் மாவுத் தொழிற்சாலை சம்பவத்தைப் பாருங்கள். ஜனவரி மாதம் குண்டு விழுந்த ஒரு கட்டடத்துக்கு ஆர்னெட்டை அழைத்துப்போய், குழந்தைகளுக்கான பால் மாவு செய்த இடம் என்றார்கள் அதிகாரிகள். ஆர்னெட் பார்த்ததைச் சொன்னார், பால் மாவுத் தொழிற்சாலை போலத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். அமெரிக்க அரசு, இல்லை, அது உயிரியல் ஆயுதக்கூடம் என்றது. வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளரே சிஎன்என் மேல் பாய்ந்தார். ஆலன் சிம்ப்சன் என்ற செனட்டர் ஆர்னெட்டை எதிரியின் அனுதாபி என்று திட்டிவிட்டு, அப்புறம் அந்த வார்த்தைக்காக வருத்தம் தெரிவித்தார். பால் மாவு அங்கே செய்தார்கள் என்பதை மறுக்கிற ஆதாரம் பொதுவெளியில் வரவே இல்லை.

அதிகாரி கூட்டிப்போன இடம், அதிகாரி பக்கத்தில், அதிகாரி வெட்டிய பிரதி. இருந்தும் ஒரு ஜோடிக் கண் அங்கே இருந்தது. பிப்ரவரி 13 அன்று அமிரியா பதுங்குமிடத்தில் குண்டு விழுந்து நானூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்ததை உலகம் அன்றைக்கே பார்த்ததும் பாக்தாதில் கேமராக்கள் இருந்ததால்தான். படம் அதுவரை வரவில்லை, ஜனவரியோடு நின்றுவிடுகிறது. வசதியான இடத்தில் நிறுத்திவிட்டார்கள் என்பது என் குறை.

தங்க அனுமதி கிடைக்க வேண்டும் என்பதற்காக எதையாவது மறைத்தார்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் படத்தில் இல்லை, படம் வந்து நாலு மாதம் கழித்து வந்தது.

2003 ஏப்ரல் 11, பாக்தாத் அமெரிக்கப் படைகளிடம் வீழ்ந்து இரண்டு நாள். சிஎன்என் செய்திப் பிரிவின் தலைவர் ஈசன் ஜோர்டன் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பாக்தாத் அலுவலகத்தைத் திறந்து வைத்திருக்கவும் தலைவர்களின் பேட்டிக்காகவும் பன்னிரண்டு வருடத்தில் 13 தடவை அங்கே போய் அரசோடு பேசியதாகச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் வெளியே சொல்ல முடியாத கொடுமைகளைக் கேட்டும் பார்த்தும் வந்ததாகவும் சொல்கிறார். சொல்லியிருந்தால் ஈராக்கியர்களின், குறிப்பாகத் தங்களிடம் வேலை பார்த்த உள்ளூர்க்காரர்களின் உயிருக்கு ஆபத்து என்பது அவர் தரும் காரணம். அவர்களுடைய கேமராக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்ததையும் அதில் எழுதியிருந்தார்.

அந்தக் காரணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். வெளிநாட்டு நிருபர் செய்தி அனுப்பிவிட்டு விமானம் ஏறிவிடுவார், டிரைவரும் மொழிபெயர்ப்பாளரும் அதே தெருவில்தான் தூங்க வேண்டும். ஒரு பெயரை வெளியிட்டு ஒரு மனிதன் செத்தால் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதுவரை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 13 பயணம் என்கிற எண்ணிக்கையில் வந்து இடிக்கிறது. ஆள் உயிர்தான் காரணம் என்றால் அலுவலகத்தை மூடிவிட்டு, ஆட்களைப் பத்திரமாக நகர்த்திவிட்டு, வெளியிலிருந்து எழுதியிருக்கலாமே? இங்கே இருந்தால்தான் செய்தி கிடைக்கும் என்று தங்குகிறோம், தங்குவதற்காகச் செய்தியை அமுக்குகிறோம், பிறகு எதற்காகத் தங்கினோம்? வீனர் ஃபோர் வயருக்காக ஹதீதி முன்னால் உட்கார்ந்த அந்த நாற்காலியில்தான் இத்தனை வருடமும் சிஎன்என் உட்கார்ந்திருந்தது. இதைத் தெரிந்துகொண்டு படத்தை மறுபடி போட்டால், கம்பி கிடைத்தவுடன் எல்லாரும் துள்ளிக் குதிக்கும் காட்சியில் முதல் தடவை வந்த சிரிப்பு வருவதில்லை.

நடுநிலை என்றால் இரண்டு பக்கத்துக்கும் சம நேரம் கொடுப்பதா?

தராசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபால் கோடாமல் இருக்க வேண்டியது கோல்தான். தட்டு அல்ல. கனமான பக்கம் தாழத்தான் செய்யும், இரண்டு தட்டையும் எப்போதும் ஒரே மட்டத்தில் பிடித்து நிறுத்துகிற தராசைக் கடையிலிருந்தே தூக்கி எறிய வேண்டும்.

இந்தச் சண்டை போஸ்னியப் போரில் வெளிப்படையாகவே வெடித்தது. 1992-இல் சரயேவோவில் கேமரா ஓடும்போதே குண்டுச் சிதறல் பட்டு விழுந்த பிபிசி நிருபர் மார்ட்டின் பெல், நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் நின்று வேடிக்கை பார்க்கிற செய்தி எனக்கு வேண்டாம், பார்ப்பதோடு அக்கறையும் காட்டுகிற செய்தி வேண்டும் என்று வாதாடினார். சிஎன்என்னின் கிறிஸ்டியான் அமன்பூர் பல வருடமாகச் சொல்வது: உண்மையாக இரு, நடுவில் நிற்காதே. எல்லாத் தரப்பையும் கேள், எல்லாத் தரப்பும் சமம் என்று பாவனை செய்யாதே.

எதிர்க்கட்சியும் ஒன்று உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கெட்டவன் யார் என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்ட நிருபர், அந்த முடிவுக்கு ஒத்துவராத பிணங்களைப் பார்க்காமல் போய்விடுவார். இன்குபேட்டர் கதை எப்படி இவ்வளவு தூரம் ஓடியது? கேட்ட எல்லாரும் கெட்டவன் யார் என்று சரியாகவே கணித்திருந்தார்கள், அதனாலேயே யாரும் சரிபார்க்கவில்லை.

நிருபர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாமா?

சொன்னவர்கள் இருக்கிறார்கள். மார்ட்டின் பெல்லும், ‘கார்டியன்’ நிருபர் எட் வுல்லியமியும் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் சாட்சி சொன்னார்கள். ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபராக இருந்த ஜொனாதன் ரேண்டல் மாட்டேன் என்றார். 2002 டிசம்பரில் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு அவர் பக்கம் தீர்த்தது: வழக்கின் மையமான ஒன்றுக்கு நேரடியாகவும் முக்கியமாகவும் உதவும், வேறு வழியிலும் கிடைக்காது என்றால் மட்டுமே போர் நிருபரைக் கட்டாயப்படுத்தலாம். காரணம் எளிது. இன்றைக்கு நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவர் நாளைக்குச் சாட்சிக் கூண்டில் நிற்பார் என்று தெரிந்தால், துப்பாக்கி வைத்திருப்பவன் எவனும் அவரைப் பக்கத்தில் விட மாட்டான், விட்டாலும் உயிரோடு திருப்பி அனுப்ப மாட்டான்.

சட்டம் போர் நிருபரை எப்படிப் பார்க்கிறது?

இரண்டு விதமாக. படையோடு அதன் அனுமதி பெற்றுப் போகிறவர் பிடிபட்டால், மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தப்படி போர்க்கைதிக்கு உரிய நடத்தை அவருக்கு உண்டு. தனியாகப் போகிறவர், 1977-இன் முதல் கூடுதல் நெறிமுறை 79-ஆம் பிரிவுப்படி, பொதுமக்களில் ஒருவர். இரண்டு பேரையும் குறிவைத்துச் சுடக் கூடாது. காகிதத்தில் அப்படி.

ராணுவத்தோடு போகிற நிருபர்களின் நிலை இதைவிட மேலா?

1991-இல் அமெரிக்கத் தரப்பில் ‘பூல்’ முறை: சில நிருபர்களை மட்டும் ராணுவம் கூட்டிப்போகும், அவர்கள் எழுதியதை ராணுவம் பார்க்கும், மற்றவர்கள் சவுதி ஹோட்டலில் காத்திருந்து அதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பாக்தாத் மட்டும்தான் தணிக்கை நடந்த இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2003-இல் சுமார் 600 நிருபர்களைப் படைப்பிரிவுகளோடேயே சேர்த்து அனுப்பினார்கள். ஒரே வண்டி, ஒரே சாப்பாடு, ஒரே பயம். உன்னைக் காப்பாற்றுகிறவனைப் பற்றி எப்படிக் கறாராக எழுதுவாய்? அதைப் பார்க்க வேண்டும் என்றால் எச்பிஓவின் 2008 தொடர் ‘ஜெனரேஷன் கில்’ இருக்கிறது, ஏழு பாகம். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை நிருபர் ஒருவர் அமெரிக்க மரைன் படையினரோடு போன கதை. நிருபர் அதில் பெரும்பாலும் வண்டியின் பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதுவே தொடரின் கெட்டிக்காரத்தனம்.

படத்தில் சாதாரண ஈராக்கியர்களே இல்லையே?

ஆமாம், இல்லை. கூடவே திரிகிற கண்காணிப்பாளர்கள், டிரைவர், அதிகாரிகள், அதற்கு மேல் யாரும் மனதில் நிற்பதில்லை. குண்டு யார் தலையில் விழுகிறதோ அவர்கள் ஓரமாகிப்போய், குண்டுச் சத்தத்தை யார் முதலில் ஒலிபரப்புகிறார்கள் என்பதுதான் பரபரப்பு. நியாயமான புகார்.

இத்தனை குறை சொன்னபிறகும் பார்க்கச் சொல்கிறீர்களா?

கண்டிப்பாக. சூஷேவுக்காகவே பார்க்கலாம். ஆனால் கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் ரிமோட்டை எடுத்துவிடாதீர்கள். இன்குபேட்டர் பற்றிய அந்த ஒரு வரி அங்கேதான் வருகிறது, எல்லாரும் எழுந்து போன பிறகு.